"கணக்கு வராத மண்டை" என்று ஒன்று உண்டா?

(படிப்பகம் ஒன்றின் மாலை வகுப்பு ஏற்பாட்டுக் கூட்டத்தில் பேசியது)



வருகிற திங்கட்கிழமை முதல் இந்தப் படிப்பகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கப் போவதாகவும், அதைப் பற்றி நாம் சில வார்த்தை பேச வேண்டுமென்றும் இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நமக்குப் பட்டமும் இல்லை, உபாத்தியாயர் தொழிலும் இல்லை. ஏழாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாம் கல்வியைப் பற்றிப் பேசுவதா என்று யாருக்காவது தோன்றினால், அது நியாயமான சந்தேகமேயாகும். ஆகையால் நாம் சொல்லுவதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒருவரும் ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கொண்டு, நாம் சொல்லுவது சரியா தப்பா என்று பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, நம் வீடுகளில் வழங்கும் ஒரு பேச்சை எடுத்துக் கொள்ளுவோம். பிள்ளை கணக்கில் 12 மார்க்கு வாங்கி வந்தால் தகப்பனார் என்ன சொல்லுகிறார்? "இது கணக்கு வராத மண்டை" என்கிறார். இங்கிலீஷில் தவறினால், "நம் நாக்குக்கு அது எங்கே வரப்போகிறது, நம் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்கிறார். தாயார் ஒரு படி மேலே போய், பரீட்சைக்கு முன்னே பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக் கொண்டு கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவந்திபுரம் ஹயக்கிரீவர் கோவிலில் வைத்து எடுத்து வருகிறார். சரி, வைக்கட்டும். ஆனால் அதே தாயார், அதே வாரத்தில், கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து டியூஷனுக்கும் பணம் கட்டுகிறாரே, அது ஏன்? தலையெழுத்து உண்மையென்றால் டியூஷன் வீண். டியூஷன் பலிக்கிறதென்றால் தலையெழுத்துப் பொய். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்க முடியாதல்லவா? வாயால் எதைச் சொன்னாலும், சங்கிலி எங்கே போகிறதென்று பார்த்தால் ஜனங்களுக்கு எதில் நம்பிக்கையிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

ஆகவே தனிப்பாடத்தால் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்பதை நீங்களே ஒப்புக் கொண்டு வெகுகாலமாகிவிட்டது. ஏன் முன்னேறுகிறார்கள் என்பதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. "அந்த மாஸ்டர் கைராசிக்காரர்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கைராசி என்பது காரணம் தேடச் சோம்பல்படுகிறவர்கள் சொல்லும் வார்த்தை. காரணத்தைப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஒரு பாடவேளை 45 நிமிஷம். ஆஜர் எடுப்பது, நோட்டு வாங்குவது, சத்தத்தை அடக்குவது இவற்றுக்கு 5 நிமிஷம் போனால் மீதி 40 நிமிஷம். உபாத்தியாயர் போர்டுப் பக்கமே திரும்பாமல் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் போய் நின்றாலுங்கூட, ஒரு பிள்ளைக்கு 1 நிமிஷந்தான் கிடைக்கும். வருஷத்தில் 200 நாள் பள்ளிக்கூடம் நடந்தால் 200 நிமிஷம். அதாவது 3 மணி 20 நிமிஷம். இனி மாலையில் 5 பிள்ளைகள் ஒரு பாயில் உட்கார்ந்து 1 மணி நேரம் படிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஆளுக்கு 12 நிமிஷம். அதே 200 நாளில் 40 மணி நேரம். ஒரு பக்கம் 3 மணி 20 நிமிஷம். மறுபக்கம் 40 மணி. கைராசி எங்கே ஒளிந்திருக்கிறதென்று இப்போது தெரிகிறதா?

இதனால் பள்ளிக்கூட உபாத்தியாயர்களை நாம் குறை சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 40 பேருக்கு ஒருவரை விட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் கவனி என்றால் அவர் என்ன செய்வார்? ஆனால் அந்தக் கவனம் கிடைக்காத பிள்ளைக்கு என்ன நேருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் கண்ணால் கண்ட சங்கதி ஒன்று. ஒரு பையன் 52-ல் 27 போனால் மீதி 35 என்று எழுதினான். உபாத்தியாயர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிட்டார். பையனை உட்காரவைத்து, "இது எப்படியப்பா வந்தது?" என்று கேட்டோம். "2-ல் 7 போகாது, ஆனால் 7-ல் 2 போகும், அதனால் 5. அப்புறம் 5-ல் 2 போனால் 3" என்றான். பிறகு 81-ல் 46 என்று கொடுத்தோம். 45 என்று எழுதுவான் என்று பக்கத்திலிருந்த தோழரிடம் முன்கூட்டியே சொன்னோம், அப்படியே எழுதினான். தோழர்களே, இதைக் கவனியுங்கள். இந்தப் பையன் மூளையில்லாதவனா? மூளையில்லாதவன் கண்டதை எழுதுவான். இவன் "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று ஒரு விதியை வைத்துக் கொண்டு அதன்படி ஒழுங்காக நடக்கிறான். விதி தப்பு, அவ்வளவுதான். பத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்குவதென்றால் என்ன என்பதை, பத்துப் பத்தாகக் கட்டின தீக்குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் கால்மணி நேரத்தில் அது திருந்திவிடும். சிவப்பு மை ஆயிரந்தரம் போட்டாலும் திருந்தாது. ஏனென்றால் தப்பு என்று சொல்லுவது வேறு. எந்த இடத்தில் தப்பு என்று கண்டுபிடிப்பது வேறு.

கணக்கு என்பது ஏணி மாதிரி. மூன்றாவது வகுப்பில் ஒரு படி உடைந்தால் நான்காவதில் கால் இடறும். ஒன்பதாவதில் ஆளே கீழே விழுவான். விழும்போது எல்லோரும் ஒன்பதாவது வகுப்புப் பாடத்தைத்தான் பார்க்கிறார்கள். இயற்கணிதம் புரியவில்லை என்று வருகிற பத்துப் பிள்ளைகளை விசாரித்துப் பாருங்கள். பின்னக் கணக்கே வராதவர்கள் அவர்களில் பலர் இருப்பார்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். "தம்பி, அரைத் தோசை தின்றாய், அப்புறம் இன்னொரு துண்டும் தின்றாய். இப்போது மொத்தத்தில் அரைத் தோசையைவிடக் குறைவாகத் தின்றிருக்கிறாய் என்கிறாயே, அது எப்படி?" என்று கேட்டால் பையன் தானே சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பு வந்த பிறகு தோசையை ஆறு துண்டாக்கி, மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து என்று காட்டினால் அவன் சாகும்வரை மறக்கமாட்டான். 40 பேர் வகுப்பில் இந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்பது?

இனி இங்கிலீஷ். இதில் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். "ஹி கோ டு ஸ்கூல்" என்று எழுதியதற்காக ஒரு பெண் குட்டு வாங்கினாள். "கோஸ்" என்று எழுத வேண்டுமாம். சரி, அவள் ஏன் அப்படி எழுதினாள்? பன்மைக்குத்தான் "எஸ்" போட வேண்டும், ஒரு பையன் "பாய்", பல பையன்கள் "பாய்ஸ்" என்று போன வாரந்தான் படித்திருக்கிறாள். போகிறவன் ஒருவன்தானே, அவனுக்கு எதற்கு "எஸ்" என்று யோசித்து அதை விட்டுவிட்டாள். இது முட்டாள்தனமா? நமக்கென்னவோ இது நல்ல தர்க்கமாகவே படுகிறது. பெயரில் போடும் "எஸ்" வேறு, வினையில் போடும் "எஸ்" வேறு. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கு ஆள் வினை மாறுவதைப்போல இங்கிலீஷில் "கோ" போன்ற வினைகள் மாறுவது நிகழ்காலத்தில் இந்த ஓர் இடத்தில்தான் என்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல வேண்டும். அப்படியே, தமிழில் ஒரே "ப" என்ற எழுத்து பல்லுக்கும் வரும், கம்பத்துக்கும் வரும்; சத்தம் வெவ்வேறு. இங்கிலீஷிலோ அவை இரண்டு எழுத்துக்கள். குண்டூசிக்கு ஒரு "பின்", குப்பைத் தொட்டிக்கு ஒரு "பின்". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. பிள்ளையின் உதட்டைப் பார்த்து, அவன் வாயிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுத் திருத்தினாலொழிய இது எப்படி விளங்கும்? வகுப்பில் 40 பேரும் சேர்ந்து கத்தும்போது, தனியாக வாயைத் திறந்த பிள்ளை எது, உதட்டை மட்டும் அசைத்த பிள்ளை எது என்று அந்தக் கூச்சலுக்குள் தெரியாது.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். டியூஷன் என்பதை நாம் ஏதோ புதிதாகப் பணம் கொடுத்து வாங்கும் சரக்கு என்று நினைக்கிறோம். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது பிறந்த நாள் முதல் இலவசமாய் நடந்துகொண்டே இருக்கிறது. வக்கீல் வீட்டில் தகப்பனார் பத்திரிகை படிக்கும்போது பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது. தாயார் சாதம் போடும்போது வாய்ப்பாடு கேட்கிறார். தப்பாகச் சொன்னால் அந்தக் கணமே திருத்துகிறார். அந்தப் பிள்ளை முதல் மார்க்கு வாங்கினால், "பரம்பரை மூளை" என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாய் எழுத்து மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து முதன்முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை 12 மார்க்கு வாங்கினால், "பரம்பரைப் புத்தி" என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் உள்ளது மூளை வித்தியாசமா, பக்கத்தில் உட்காரும் ஆள் வித்தியாசமா? இதை மூடி மறைத்துவிட்டுப் பிறவியின் மேல் பழியைப் போடுவதுதான் நம் நாட்டில் நடந்துவந்த பெரிய பித்தலாட்டம்.

நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தை விட்டபின் நாம் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலைக்கு இருந்தோம். அங்கே ஒரு வயதான கணக்குப்பிள்ளை இருந்தார். மூட்டை எடை, சாக்குக் கழிவு, நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு, இதையெல்லாம் நம்மைப் போடச் சொல்லுவார். விடை சரியாயிருந்தாலும் விடமாட்டார். "எப்படி வந்தது, சொல்" என்பார். தினமும் அரைமணி நேரம். பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷத்தில் வராத சதவிகிதக் கணக்கு அந்தச் சாக்கு மூட்டையின்மேல் ஆறு மாதத்தில் வந்தது. இங்கிலீஷும் அப்படியே, பழைய பத்திரிகையும் அகராதியும், சந்தேகம் கேட்க ஒரு தபாலாபீஸ் தோழரும். இது நிற்க.

நம் ஒருவர் அனுபவத்தை வைத்து ஊருக்குப் பொதுவாய்த் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பரீட்சித்துப் பார்த்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் புளூம் என்பவர் 1984-ம் வருஷத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவருக்கொருவராய்ப் பாடம் கேட்டு, தவறியதை உடனுக்குடன் திருத்திக்கொண்டு படித்த பிள்ளைகளில் நடுத்தரமானவனே, சாதாரண வகுப்பிலுள்ள நூறு பேரில் 98 பேரை மிஞ்சினான் என்று அதில் கண்டிருக்கிறது. டியூஷன் வியாபாரிகள் இதை இன்றும் சொல்லித் திரிகிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய பலன் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2020-ல் 96 பரிசோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தது இவ்வளவு: நூறு பேர் வரிசையில் கீழேயிருந்து 50-வது இடத்தில் நிற்பவன், தனிப்பாடத்தால் ஏறக்குறைய 64-வது இடத்துக்கு ஏறுகிறான். கணக்கு, வாசிப்பு இரண்டிலும் பலன் இருந்தது. 98 என்ற கதையைவிட 64 என்ற உண்மை நமக்குப் போதும். பகுத்தறிவுக்காரனுக்குத் தனக்குச் சாதகமான பொய்யும் பொய்தான்.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். பம்பாயிலும் பரோடாவிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் என்ற ஸ்தாபனம் நகரசபைப் பள்ளிகளில் ஒரு காரியம் செய்தது. மூன்றாவது, நான்காவது வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை 15, 20 பேராகப் பிரித்துத் தினம் இரண்டு மணி நேரம் தனியே கற்பித்தார்கள். கற்பித்தவர்கள் யார்? பெரிய பட்டதாரிகளா? அதே பேட்டையைச் சேர்ந்த இளம் பெண்கள். உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள். மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றிருவரும் சேர்ந்து அளந்து பார்த்ததில் பிள்ளைகள், அதிலும் கடைசியில் இருந்த பிள்ளைகள், நிச்சயமாய் முன்னேறியிருந்தார்கள். வகுப்பை நிறுத்தி ஒரு வருஷம் ஆனபின் பார்த்தபோது அந்தப் பலன் குறைந்துவிட்டிருந்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பயிருக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டால் அறுவடைவரை போதுமா?

தமிழ்நாட்டில், தொற்று நோயால் பள்ளிக்கூடங்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேலாக மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் விழுப்புரம் மாவட்டத்தில் துவக்கப்பட்டது. சுமார் 2 இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத் தொகையில், மாலையில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளை வைத்துக் கற்பித்தார்கள். கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் பார்த்தபோது தமிழைவிடக் கணக்கில்தான் பிள்ளைகள் அதிகம் பின்தங்கியிருந்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பினதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். திண்ணை ஒன்றுதான், ஒரு காலத்தில் இன்னார் ஏறக்கூடாது என்றிருந்த அதே திண்ணை!

ஆனால், டியூஷன் என்று போர்டு போட்டதெல்லாம் டியூஷன் அல்ல. ஒரு தகரக் கொட்டகையில் 60 பேரைக் குந்தவைத்து, "இந்த ஐந்து மார்க்குக் கேள்வி நிச்சயம் வரும், உருப்போடு" என்று நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 40, இங்கே 60! காசும் கொடுத்துக் கவனத்தையும் குறைத்து வாங்குகிற வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். இன்னும் சில இடங்களில் பகலில் வகுப்பில் சொல்லாமல் மிச்சம் வைத்ததை மாலையில் அதே பிள்ளைகளுக்கு விலைக்கு விற்கிறார்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 28-வது பிரிவில், பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் நடத்தக்கூடாது என்றே எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்பதோடு நிற்கிறது.

ஆகையால் பெற்றோர்களே, பணம் கட்டுமுன் மூன்று சங்கதி பாருங்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். முதல் நாள் பிள்ளையைச் சோதித்தார்களா, அல்லது நேரே பாடத்தை ஆரம்பித்தார்களா என்று கேளுங்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு ஐந்தாவது வகுப்புப் பின்னக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கோபித்துக் கொண்டு எழுந்து வராதீர்கள், அவரைத்தான் விடக்கூடாது. ஒரு மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். எல்லாம் சுத்தமாய், தப்பே இல்லாமல் இருந்தால் அது போர்டைப் பார்த்து எழுதினது. அடித்தல் திருத்தலோடு, பக்கத்தில் ஏன் என்று குறிப்போடு இருந்தால் அங்கே படிப்பு நடக்கிறதென்று அர்த்தம்.

டியூஷனே கூடாது, பணக்காரனுக்குத்தான் அது உதவுகிறது, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று சில தோழர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் எண்ணம் நல்லதுதான். தென் கொரியாவில் 1980-ல் அப்படியே தடுத்தார்கள். பணமுள்ளவர்கள் திருட்டுத்தனமாய் நடத்திக் கொண்டார்கள். இல்லாதவர்களுக்குத்தான் சட்டம் பலித்தது. 2000-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமே தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. இருக்கிறவனிடமிருந்து விளக்கைப் பிடுங்குவதைவிட, இல்லாதவன் வீட்டில் விளக்கேற்றக் கேட்பதே மேல். பள்ளி நேரத்துக்குள்ளேயே சிறு சிறு கூட்டமாய்க் கற்பித்தால் பலன் அதிகம் என்று முன் சொன்ன 96 பரிசோதனைகளில் தெரிகிறது. அதைச் சர்க்காரிடம் கேட்க நமக்கு உரிமையுண்டு. கேட்போம். அது வருகிறவரை பிள்ளைகளுக்கு வயது நிற்குமா? அதற்குத்தான் இந்தப் படிப்பகம்.

இந்தத் தெருவில் ஒரு பெண் ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கில் 12 மார்க்கு என்று மேலே சொன்னது அவளைத்தான். அவளைப் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்ப வீட்டில் பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவள் தகப்பனார் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம். ஐயா, உங்கள் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. அவள் கொண்டுவரும் சம்பளம் வீட்டுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறதென்றும் தெரியும். ஆனால் "படிப்பு வரவில்லை, அதனால் நிறுத்துகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுடைய பரீட்சைத் தாளை நேற்றுப் பார்த்தோம். தப்பாய்ப் போன ஒன்பது கணக்கில் ஏழு, கழித்தல் குறியில் மாத்திரம் தவறியிருக்கிறது. வழியெல்லாம் சரி. சைபருக்குக் கீழே போகும் எண்களை அவளுக்கு ஒருவரும் எண்கோடு போட்டுக் காட்டவில்லை. ஏழு கணக்குக்கு ஒரே நோய். அதற்கு ஒரு மாதம் வைத்தியம். பத்தாவது பரீட்சையில் தேறுவதற்கு 35 மார்க்கு. வருகிற ஜூன் வரையில் அவளை இங்கே அனுப்புங்கள். ஜூனில் நீங்களே ஒரு தாள் கொடுத்துச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அண்ணன் இரண்டு தரம் தவறினபோது யாரும் அவனைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பவில்லை என்பதையும் ஞாபகப்படுத்துகிறோம். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், வாஸ்தவம்தானே?

கற்பிக்க ஆள் வேண்டும். பிளஸ் டூ முடித்து வீட்டிலிருக்கும் பெண்கள் இத்தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்களாம். கல்யாணம் ஆகும்வரை சும்மாயிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். சும்மாயிருக்க வேண்டாம், மாலையில் இரண்டு மணி நேரம் வரட்டும். ஆளுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கொடுப்பதில்லை. அடிப்பதும் குட்டுவதும் கிடையாது. "மக்கு" என்ற வார்த்தை இந்தக் கட்டடத்துக்குள் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான். பெண் பிள்ளைகளின் வகுப்பு ஏழரைக்கு முடியும். வீடுவரை கொண்டுபோய் விடுவது வாலிபத் தோழர்கள் பொறுப்பு.

திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணி. புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. போன பரீட்சையின் விடைத்தாள்களை, சிவப்பு மை போட்டதை, கிழிக்காமல் எடுத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் நோட்டுடன் உட்கார்ந்திருக்கும் காரியதரிசியிடம் இப்போதே கொடுத்துவிட்டுப் போகலாம்.